கப்பல் கிளம்பிய பிறகு விதைத்தோம்

வழக்கமாக எனக்கு வரும் கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடுவேன். இலைப்புள்ளிக்கு எந்த மருந்து, சுருள்பூச்சிக்கு என்ன செய்வது, ஜிப்சம் எத்தனை மூட்டை என்பதெல்லாம் முப்பது வருஷ வேலையில் மனப்பாடம். ஆனால் போன வாரம் வந்த ஒரு கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வந்தவாசிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. "எங்களுக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மார்கழிப் பட்டத்துக்கு இன்னும் 3 ஏக்கர் குத்தகைக்குக் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் மல்லாட்டை போடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். கடையில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிறதே, மல்லாட்டைக்கும் ஏறாமலா போகும் என்பது அவர் கணக்கு. என் நகையை அடகு வைத்தால்தான் முதலுக்கு ஆகும். மண்டியில் கேட்டால், எல்லாம் வெளிநாட்டு மார்க்கெட், நம்ம கையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். உலகமயம் என்று சொல்கிறார்களே, அதனால் எங்களுக்கு லாபமா நஷ்டமா? நாங்கள் போடலாமா, வேண்டாமா?"

இதே கேள்விக்கு ஒருமுறை நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியவரின் நாலு ஏக்கர்

1998-ம் வருஷம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு வட்டாரத்தில் வேளாண்மை அலுவலராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கியதும் பட்டம், ரகம், விதைநேர்த்தி என்று பேச ஆரம்பித்துவிடுவேன். அந்த ஊரில் ஒரு பெரியவர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்பார். கிணற்றுப் பாசனத்தில் 4 ஏக்கர். அதில் 2 ஏக்கரில் மல்லாட்டை, மீதியில் நெல்லும் கேழ்வரகும் வைப்பார்.

அந்த வருஷம் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தது. மண்டியில் கடலை மூட்டையைத் தரையில் வைக்கவிடாமல் வாங்கினார்கள். "ஐயா, இந்தப் பட்டத்துக்கு நாலு ஏக்கரும் மல்லாட்டை போடுங்க. விதைநேர்த்தி செஞ்சு, ஜிப்சம் சரியா போட்டா மகசூல் நான் பொறுப்பு" என்றேன். அவர் வீட்டம்மாவின் சங்கிலியும் கம்மலும் அடகுக் கடைக்குப் போயின.

மகசூலுக்கு நான் பொறுப்பு என்று சொன்னது வீண் போகவில்லை. செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய். மற்ற ஊர்க்காரர்களையும் அழைத்து வந்து காட்டினேன். ஆனால் சித்திரையில் மூட்டை மண்டிக்குப் போனபோது, விதைக்கும்போது இருந்த விலை இல்லை. கொஞ்சம் பொறுத்தால் ஏறும் என்று வைத்திருந்தார். இன்னும் இறங்கியது.

ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார். "காய் நல்லாத்தான் புடிச்சிருக்கு சார். வெல எங்க சார் போச்சி?"

எனக்குத் தெரியவில்லை. வேளாண்மைக் கல்லூரியில் மண், பூச்சி, நோய், உரம் எல்லாம் படித்தேன். விலை எங்கே போகும், எப்படிப் போகும் என்று யாரும் எனக்குக் கேள்வி வைத்ததில்லை. "வரத்து அதிகம் ஐயா" என்று ஏதோ சொன்னேன். அடுத்த வருஷம் நகை ஏலத்துக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் 2 ஏக்கரில் சவுக்கு நட்டுவிட்டார்.

அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, வெள்ளாமை வந்துச்சு இல்ல" என்பார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

விலை எங்கே போனது?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. இப்போது சொல்கிறேன்.

மல்லாட்டையின் விலையை எண்ணெயும் புண்ணாக்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 100 கிலோ பருப்பை ஆட்டினால் ஏறக்குறைய 45 கிலோ எண்ணெய். எண்ணெய் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்துத்தான் மில்காரர் பருப்புக்கு விலை வைப்பார். பாமாயில் மலிவாக இருந்தால் ஓட்டலும் பலகாரக் கடையும் அதற்கு மாறிவிடும். கடலை எண்ணெய்க்குக் கிராக்கி குறையும். ஆகையால் நம் வயலில் பாமாயில் மரமே இல்லாவிட்டாலும், பாமாயில் விலை நம் மூட்டையைத் தொட்டுவிடுகிறது.

1994-ல் பாமாயிலைத் தனியார் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்று அரசு அனுமதித்தது. அப்போது இறக்குமதி வரி 65 சதவீதம். பிறகு படிப்படியாகக் குறைத்து, 1998-ல் 15 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் குறைத்தார்கள்? எண்ணெய் விலை ஏறியிருந்தது. வாங்கிச் சாப்பிடும் மக்கள் தவித்தார்கள். அதனால் குறைத்தார்கள்.

உலகச் சந்தையில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1997-98-ல் இந்தோனேசியாவில் கடும் வறட்சி. கூடவே அந்த நாட்டின் பணமும் சரிந்து பெரும் குழப்பம். 1998-ல் பாமாயில் டன் சராசரியாக 670 டாலருக்கு விற்றது. மழை பெய்து மரம் காய்த்ததும் விலை இறங்க ஆரம்பித்தது. 2000-ல் 310 டாலர். பாதிக்கும் கீழே.

ஆக, நானும் பெரியவரும் 1998-ன் விலையைப் பார்த்து 1998 மார்கழியில் விதைத்தோம். அதே விலையைப் பார்த்துத்தான் டெல்லியில் வரியைக் குறைத்திருந்தார்கள். அதே விலையைப் பார்த்துத்தான் வியாபாரிகள் கப்பலுக்குச் சொல்லிவைத்தார்கள். எங்கள் செடி பூக்கும் முன்னே கப்பல் கிளம்பிவிட்டது. நாங்கள் காயை மண்டிக்குக் கொண்டுபோனபோது எண்ணெய் துறைமுகத்தில் வந்து நின்றது.

இது ஒருமுறை நடந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். 2001-ல் கச்சாப் பாமாயில் வரியை 75 சதவீதமாக உயர்த்தினார்கள். 2008-ல் உலக விலை உச்சத்துக்குப் போனபோது கச்சா எண்ணெய்களுக்கு வரியே இல்லை என்றார்கள். அந்த வருஷக் கடைசியில் உலக விலை பாதிக்கும் கீழே விழுந்தது. 2021-ல் விலை ஏறியதும் மறுபடி அடிப்படை வரி நீக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் விவசாயிக்கு உதவ வேண்டும் என்று, மேல்வரியும் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்ததை 27.5 சதவீதம் ஆக்கினார்கள். எண்ணெய் விலை ஏறியது. 2025 மே மாதக் கடைசியில் 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இதைச் சாமானியக் கணக்கில் சொல்கிறேன். துறைமுகத்துக்கு 100 ரூபாய்க்கு வந்து சேரும் எண்ணெய், வரியோடு முதலில் 105 ரூபாய் 50 காசு. பிறகு 127 ரூபாய் 50 காசு. பிறகு 116 ரூபாய் 50 காசு. ஒன்பது மாதத்துக்குள் இவ்வளவும். நம் பயிருக்கோ 105 நாள். விதைக்கும்போது ஒரு வரி, பிடுங்கும்போது ஒரு வரி.

அரசின் மேல் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விற்கிறவருக்கு நல்ல விலை வேண்டும், வாங்குகிறவருக்கு மலிவாக வேண்டும். இரண்டு பேரும் இந்த நாட்டு மக்கள்தான். ஏன், இரண்டு பேரும் ஒரே வீட்டிலேயே இருக்கிறார்கள். மல்லாட்டையை மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிவிட்டு, ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கி வந்து தாளிக்கும் வீடுகள் எத்தனை? கடலை பிடுங்க வரும் கூலிப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் குழம்பு கொதிக்காது என்பார்கள்.

மணிலா என்ற பெயரே வெளியூர்தான்

உலகமயம் நேற்று வந்தது என்று நினைக்கிறோம். மல்லாட்டை என்ற சொல்லைப் பாருங்கள். மணிலாக்கொட்டைதான் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். செடி பிறந்தது அதையும் தாண்டித் தென்னமெரிக்காவில். கப்பலேறி வந்த பயிரைத்தான் நாம் குலத்தொழில் போலச் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் தென்னாற்காட்டுக் கடலை, நூறு வருஷத்துக்கு முன்பே பாண்டிச்சேரி துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்தின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், சோப்புச் செய்தார்கள். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டு கப்பல் ஓட்டம் தடைப்பட்டபோது இங்கே கடலை விலை சரிந்தது. 1930-களில் உலகமே பணமுடையில் சிக்கியபோது மறுபடி சரிந்தது. அன்றைக்கு நம் கொள்ளுத் தாத்தாக்களும், "வெல எங்க போச்சி" என்று யாரையாவது கேட்டிருப்பார்கள்.

இன்றைக்கும் கடலை கடல் தாண்டுகிறது. நம் நாட்டுக் கடலையை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தோனேசியா முன்வரிசையில் நிற்கிறது. எந்த நாடு நமக்குப் பாமாயில் அனுப்புகிறதோ, அதே நாடு. அவர்கள் எண்ணெய் இங்கே வருகிறது, நம் பருப்பு அங்கே போகிறது. ஒரு கப்பல் நம் விலையை இறக்குகிறது என்றால், இன்னொரு கப்பல் ஏற்றுகிறது. ஆட்டுவதற்கு மட்டுமே நம் கடலை என்று இருந்தால் பாமாயிலோடு மல்லுக்கட்ட வேண்டும். சாப்பிடும் பருப்பாகத் திரட்சியாகவும் சுத்தமாகவும் இருந்தால் அந்த மல்லுக்கட்டு பாதி குறைகிறது.

ஆனால் அந்தக் கதவிலும் காவல் உண்டு. 2015-ல் நம் கடலையில் வண்டு இருக்கிறது என்று சொல்லி வியட்நாம் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. ஐரோப்பிய நாடுகளோ, பூஞ்சணத்தால் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு, நேரடியாகச் சாப்பிடும் கடலையில் நூறு கோடிப் பங்கில் 4 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. நம் களத்தில் சரியாகக் காயாத ஒரு மூட்டை, ஒரு லாரிச் சரக்கையே திருப்பி அனுப்ப வைத்துவிடும்.

செலவுக் கணக்கிலும் வெளிநாடு இருக்கிறது. பொட்டாஷ் முழுக்க முழுக்க இறக்குமதிதான். 2022-ல் ரஷ்யா உக்ரைன் போர் வந்த சமயம் ஒரு மூட்டை பொட்டாஷ் 1,700 ரூபாய்க்கு விற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால் பாமாயில் விலை ஏறும், கடலைக்கு நல்லது. அதே ரூபாய் இறங்கினால் டீசலும் உரமும் ஏறும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொள்வது போல.

நன்மையையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. கடிதம் எழுதிய சகோதரியின் நாத்தனார் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறாராம். அந்தக் காலணி கடல் தாண்டிப் போகிறது. மாதச் சம்பளம் வீட்டுக்கு வருகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கம்பெனி பஸ்ஸில் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் போகிறார்கள்? கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று நாம் அங்கலாய்ப்பதற்கும் அதுதான் காரணம், நம் வீட்டில் பெண் பிள்ளை பட்டம் படிப்பதற்கும் அதுதான் காரணம். அந்தச் சம்பளமும் சாசுவதம் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த தொழிற்சாலைகள் எல்லாம் கலங்கின. வயல் எப்படியோ, அப்படித்தான் அதுவும்.

சகோதரிக்கு என் பதில்

லாபமா நஷ்டமா என்று கேட்டீர்கள். உலகச் சந்தை மழை மாதிரி. அது நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. வரப்பைப் பார்த்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. மழைக்காவது மேகம் தெரியும். விலைக்கு என்ன மேகம் என்றால், எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கிறது என்று எல்லோரும் பேச ஆரம்பிப்பதுதான். அப்போது இறக்குமதி வரி குறையும் வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலை இன்றைக்கு மூட்டை வைத்திருப்பவருக்கு. நீங்கள் விதைப்பது நாலு மாதம் கழித்து வரும் விலைக்கு. அது என்ன என்று எனக்கும் தெரியாது, மண்டிக்காரருக்கும் தெரியாது.

அதனால் கணக்கை உச்ச விலையில் போடாதீர்கள். ஏக்கருக்கு 10 குவிண்டால் காய் வரும் என்று வைப்போம். 2025-26-க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலை கிடைத்தால் ஏக்கருக்கு 72,630 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சுமார் 58,100. வித்தியாசம் ஏக்கருக்கு 14,500 ரூபாய். 3 ஏக்கருக்கு 43,500. குறைந்த விலையில் விற்றாலும் குத்தகை, விதை, உரம், ஆள்கூலி, கடன், வட்டி எல்லாம் கட்டி முடியுமா? நோட்டில் எழுதிப் பாருங்கள். முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் 1 ஏக்கரோடு நிறுத்துங்கள். குத்தகை நிலம் அடுத்த பட்டத்துக்கும் கிடைக்கும். ஏலம் போன நகை திரும்பாது.

அடகுக் கடைக்குப் போகும் முன் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போங்கள். அங்கே பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. கிசான் கடன் அட்டையில் 2 லட்சம் ரூபாய் வரை நிலத்தையோ நகையையோ ஈடு வைக்க வேண்டியதில்லை. குத்தகை நிலத்துக்குக் கொஞ்சம் அலைய விடுவார்கள். ஊர் வேளாண்மை உதவி அலுவலரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அலைச்சலைப் பார்த்தால் அடகுக் கடைதான் கதி.

மண்டிக்காரர் நம் கையில் ஒன்றும் இல்லை என்றார் அல்லவா? இருக்கிறது. 40, 45-ம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது உங்கள் கையில் இருக்கிறது. பொக்குக் காய் குறைந்து பருப்புத் திரளும். பிடுங்கிய செடியை வேர் மேலே பார்க்கத் திருப்பிப் போட்டு உலர்த்துவதும், காயை ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை காயவைப்பதும் உங்கள் கையில். கருவி இல்லாவிட்டால் காயைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள், பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பு உடையாமல் இருக்க மிஷினில் போடும் முன் காய்க்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. எடையும் கூடும் என்று ஆசை. அந்த ஒரு குடம் தண்ணீரில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. தெளிக்காதீர்கள், தெளிக்க விடாதீர்கள்.

அறுவடை சமயத்தில் விலை இல்லை என்றால், அன்றைக்கே விற்கவும் வேண்டாம், வீட்டில் எலிக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் 180 நாள் வரை வைக்கலாம். அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் கிடைக்கும். அவசரச் செலவு தீரும். ஒன்று நினைவிருக்கட்டும். வைத்திருந்தால் விலை ஏறியே தீரும் என்று இல்லை. எங்கள் பெரியவர் வைத்திருந்தார், இன்னும் இறங்கியது. பாதியை விற்றுவிட்டுப் பாதியை வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேரும் சேர்ந்து ஒரே லாரியாகக் கொண்டுபோனால், வியாபாரி உங்களைத் தேடி வருவார்.

கடைசியாக ஒன்று. சொந்தமான ஒன்றரை ஏக்கர் முழுவதையும் மல்லாட்டைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கால் ஏக்கரிலாவது கேழ்வரகோ உளுந்தோ இருக்கட்டும். எந்த நாட்டில் எந்தக் கப்பல் கிளம்பினாலும் அந்தக் கால் ஏக்கர் உங்கள் அடுப்புக்கு.

இதைத்தான் 1998-ல் நான் பெரியவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மகசூல் நான் பொறுப்பு என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டு, விலைக்கு யாரும் பொறுப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை. அவர் நட்ட சவுக்கை அவர் மகன் இரண்டு முறை வெட்டி விற்றுவிட்டு, இப்போது அந்த இடத்தில் மறுபடி 1 ஏக்கர் மல்லாட்டை வைத்திருக்கிறார். சாப்பிடும் பருப்புக்கென்றே காயவைத்துத் தரம் பிரித்துக் கொடுக்கிறார். போன மாதம் வழியில் பார்த்தபோது, "இந்த வருஷம் ரெண்டு ஏக்கரா போடலாமா சார்?" என்று கேட்டார். உங்களுக்கு எழுதிய இதே கணக்கைத்தான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கும் போட்டுக் காட்டினேன்.

சகோதரி, எத்தனை ஏக்கர் போட்டீர்கள் என்று தை மாதம் எழுதுங்கள். எத்தனை மூட்டை, என்ன விலை என்று சித்திரையில் எழுதுங்கள். விலை இறங்கினாலும் எழுதுங்கள். இந்த முறை பதில் தெரியாது என்று நழுவ மாட்டேன்.